வாஷிங்டன் படையில் சம்பளம் ஏன் நேரத்துக்கு வரவில்லை? பட்டியல், நோட்டு, பாக்கி

கேள்வி: தாள்பறவை

அமெரிக்கப் புரட்சிப் போரின் கான்டினென்டல் ஆர்மி பற்றி எதைப் படித்தாலும், சம்பள விஷயத்தை "காங்கிரஸிடம் பணம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. இந்தக் காங்கிரஸில், அதாவது காலனிகளின் பொது அவையில், 1775 ஜூனில் 20 லட்சம் டாலருக்கும் ஜூலையில் இன்னொரு 10 லட்சத்துக்கும் நோட்டு அடிக்கத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். செப்டம்பர் 21 அன்று வாஷிங்டன் எழுதுகிறார்: படைக் கஜானா சுத்தமாகக் காலி, பேமாஸ்டர் (சம்பளம் கொடுக்கும் அதிகாரி) கையில் ஒரு டாலர்கூட இல்லை. அச்சடித்துக்கொள்ளக்கூடிய காசு எப்படித் தீர்ந்துபோகும்?

இன்னும் சில சந்தேகங்கள். ஒரு சிப்பாயின் பெயர் ஏட்டில் ஏறியதிலிருந்து காசு கையில் விழுகிறவரை என்னென்ன நடந்தது? பழைய பே ரோல் (சம்பளப் பட்டியல்) ஒன்றின் படத்தில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் 6, பக்கத்தில் 60 என்று இருக்கிறது. அந்த 60 என்ன, சென்ட்டா? 1781 ஜனவரிக் கலகம் சம்பளத்துக்காக நடந்ததா, வேறு எதற்காகவாவதா? கடைசியில் பாக்கி தீர்ந்ததா இல்லையா? வீரக்கதை வேண்டாம், கணக்கு வழக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: பழையகணக்கு

60-ஐ முதலில் பார்த்துவிடலாம். சென்ட் இல்லை, சென்ட் கணக்கு அந்தப் படை கலைந்த பிறகு வந்தது. இது தொண்ணூறில் அறுபது. காங்கிரஸ் உட்கார்ந்திருந்தது பிலடெல்ஃபியாவில். பென்சில்வேனியாக் கணக்கில் ஒரு ஸ்பானிஷ் டாலருக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ். அதைப் பென்ஸாக்கினால் 90. முழு டாலரை ஒரு பத்தியிலும் மிச்சத்தைத் தொண்ணூறில் இத்தனை என்று அடுத்த பத்தியிலும் எழுதினார்கள். நம்மூரில் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தி போட்ட மாதிரிதான். இங்கே நடுவில் இருந்த ஷில்லிங்கைத் தூக்கிவிட்டார்கள். ஆக 6 60/90 என்றால் 6 2/3 டாலர், பிரைவேட், அதாவது கடைநிலைச் சிப்பாயின் மாதச் சம்பளம்.

1775 ஜூன் 14 தீர்மானத்தில் ரைஃபிள் கம்பெனிகளுக்கு (கம்பெனி என்றால் ரெஜிமென்டுக்குள் ஒரு சிறு படைப்பிரிவு) போட்ட விகிதம்: கேப்டனுக்கு 20, லெப்டினன்ட்டுக்கு 13 1/3, சார்ஜென்ட்டுக்கு 8, கார்ப்பரலுக்கு 7 1/3, பிரைவேட்டுக்கு 6 2/3. துப்பாக்கியும் துணியும் அவரவர் பொறுப்பு. மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று ஏன் இவ்வளவு இழுபறியான எண்கள் என்று தோன்றும். நியூ இங்கிலாந்துக் கணக்கில் டாலருக்கு 6 ஷில்லிங். 6 2/3 டாலர் சரியாக 40 ஷில்லிங், 2 பவுண்டு. அங்கே அது முழு எண். பிலடெல்ஃபியாவுக்கு வந்தால் பின்னம். நியூயார்க்கில் டாலருக்கு 8 ஷில்லிங் என்பதால் அங்கே இன்னொரு கணக்கு.

தொண்ணூறில் எழுதுவதில் ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. பிரைவேட்டின் மாதச் சம்பளம் 600 தொண்ணூறுகள். மாதத்துக்கு 30 நாள் என்று வைத்தால் நாளுக்கு 20. கார்ப்பரலுக்கு 22, சார்ஜென்ட்டுக்கு 24, லெப்டினன்ட்டுக்கு 40, கேப்டனுக்கு 60. எல்லாமே மிச்சமில்லாமல் வகுபடும். மாதத்தின் 14-ம் தேதி சேர்ந்தவனுக்கு 17 நாள் என்றால் 17 பெருக்கல் 20, 340; அதாவது 3 70/90 டாலர். உங்கள் படத்தில் 6 60 அல்லாத வரிகள் ஏதாவது இருந்தால் இப்படி வகுத்துப் பாருங்கள், அவன் எத்தனை நாள் இருந்தான் என்பது வந்துவிடும்.

மாதம் என்றால் எது என்பதிலேயே முதல் வருஷம் தகராறு. மாசசூசெட்ஸ்காரர்கள் 28 நாள் மாதம் என்று நினைத்துச் சேர்ந்தவர்கள். காங்கிரஸ் நாட்காட்டி மாதம் என்று முடிவு கட்டியது. வித்தியாசம் வருஷத்துக்கு 13 சம்பளமா 12 சம்பளமா என்பது. ஆளுக்கு 40 ஷில்லிங் போகிற விஷயம், சும்மா விடுவானா?

இனி பட்டியலின் பயணம். கம்பெனிக் கேப்டன் மஸ்டர் ரோல், அதாவது ஆள்கணக்குப் பட்டியல், எழுதுவார்: பெயர், சேர்ந்த தேதி, எவ்வளவு காலத்துக்கு எழுதிக்கொடுத்தான், இன்றைய தேதியில் எங்கே இருக்கிறான். அந்தக் கடைசிப் பத்திதான் உயிர். முகாமிலேயே நோயாளி, வெளியூரில் நோயாளி, வேறு பணிக்கு அனுப்பப்பட்டவர், விடுப்பு, இறப்பு, ஓட்டம் என்று குறிப்பு விழும். மஸ்டர் மாஸ்டர் நேரில் வந்து அணிவகுக்க வைத்துத் தலை எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். 1775 ஆகஸ்டில் இந்தப் பதவியில் முதலில் அமர்ந்தவர் ஸ்டீஃபன் மொய்லன். 1780 ஜனவரியில் இந்தத் துறையையே கலைத்து வேலையை இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஸ்டூபனின் இன்ஸ்பெக்டர்களிடம் கொடுத்துவிட்டார்கள்.

மஸ்டர் ரோல் தேறினால் அதிலிருந்து பே ரோல். இதில் சம்பளம் தொடங்கும் தேதி, மாதமும் நாளும், மாத விகிதம், மொத்தம், பிடித்தம், நிகரத் தொகை. ரெஜிமென்டின் எட்டுக் கம்பெனிப் பே ரோல்களையும் சேர்த்து ஒரு சுருக்கப் பட்டியல் போடுவது ரெஜிமென்ட் பேமாஸ்டர் வேலை. இந்தப் பதவியே 1776 ஜூலை 16-ல்தான் வந்தது. அதற்கு முன் ரெஜிமென்ட் அளவில் இதற்கென்று தனி ஆள் இல்லை, ஒரு வருஷம் அப்படியே ஓடியிருக்கிறது. சுருக்கப் பட்டியல் மேலே போய், தளபதியின் கையெழுத்தோடு வாரண்ட், அதாவது பணம் கொடுக்கும் உத்தரவு, ஆகும். வாரண்ட் இல்லாமல் பேமாஸ்டர் ஜெனரல் ஒரு செம்புக்காசு கொடுக்க முடியாது. கொடுத்த பிறகு அதே ஏணியில் கீழே: பேமாஸ்டர் ஜெனரல், ரெஜிமென்ட் பேமாஸ்டர், கேப்டன், சிப்பாய்.

எங்கே சிக்கும்? தலை எண்ணுகிற அன்று வேறு பணிக்குப் போயிருந்தவனுக்கு யார் சாட்சி என்ற இடத்தில் சிக்கும். ஓடிப்போனவனின் தேதியில் சிக்கும். 3-ம் தேதி ஓடினானா 23-ம் தேதியா என்பதில் கேப்டனுக்கு லாபமோ நஷ்டமோ இருக்கிறது. மருத்துவமனையில் கிடப்பவன் இன்னும் மோசம். அவன் சம்பளம் கேப்டன் கையில் நிற்கும், கேப்டன் ராஜினாமா செய்துவிட்டுக் கணக்கு ஒப்படைக்காமல் ஊருக்குப் போய்விடுவார். ஒரு கம்பெனியின் பட்டியல் தவறினால் சுருக்கப் பட்டியல் நிற்கும், மற்ற ஏழு கம்பெனிகளும் காத்திருக்கும். கஜானாவில் பணம் இருக்கிற மாதத்திலேயே இவ்வளவும்.

துணியையும் மறக்கக் கூடாது. 1776 அக்டோபர் 8 முதல் வருஷத்துக்கு ஒரு தொகுதி உடை என்று ஒப்புக்கொண்டார்கள்: இரண்டு லினன் வேட்டைச் சட்டை, இரண்டு ஓவரால், கைவைத்த ஒரு வெயிஸ்ட்கோட், ஒரு பிரீச்சஸ், ஒரு தொப்பி, இரண்டு சட்டை, இரண்டு ஜோடி காலுறை, இரண்டு ஜோடி ஷூ. மொத்த மதிப்பு 20 டாலர், தானே வாங்கிக்கொண்டால் அந்தத் தொகை கையில். 20 டாலர் என்றால் பிரைவேட்டுக்குச் சரியாக மூன்று மாதச் சம்பளம். துணியும் வராமல் தொகையும் வராமல் போனால், சம்பளப் பாக்கிக்குள் இன்னொரு பாக்கி உட்கார்ந்திருக்கும். சிலருக்குச் சட்டை கிடைத்திருக்கும், ஷூ கிடைத்திருக்காது. அதைக் கழித்துக் கணக்குப் பார்க்கிறவன் கதியை நினைத்துக்கொள்ளுங்கள்.


பதில் 2: நாணயப்பெட்டி

மேலே சொன்னது பட்டியல். உங்கள் முதல் கேள்வி நோட்டு பற்றியது, அதற்குப் பதில் பிலடெல்ஃபியாவில் மை காயாமல் கிடந்த மேஜைகளில் இருக்கிறது.

1775 ஜூன் 22 தீர்மானத்தின் 20 லட்சம் டாலர் எப்படிப் பிரிந்தது என்று பாருங்கள். 1 முதல் 8 டாலர் வரை ஒவ்வொரு மதிப்பிலும் 49,000 நோட்டு, 20 டாலரில் 11,800. மொத்தம் 4,03,800 தாள். ஒவ்வொன்றிலும் எண்ணைக் கையால் எழுத வேண்டும். இரண்டு பேர் பேனாவால் கையெழுத்திட வேண்டும். அதாவது 8,07,600 கையெழுத்து. காங்கிரஸ் 28 பேரை நியமித்தது. ஆயிரம் நோட்டுக்கு 1 1/3 டாலர் கூலி. எல்லாரும் ஒழுங்காக உட்கார்ந்தால்கூடத் தலைக்கு ஏறக்குறைய 29,000 கையெழுத்து வருகிறது. இவர்கள் குமாஸ்தாக்கள் அல்ல, ஊரில் கடையும் தொழிலும் உள்ள பெரிய மனிதர்கள். தீர்மானம் போட்ட அன்றே பணம் பிறந்துவிடவில்லை, சார். அச்சாபீஸிலிருந்து வந்தபோது அது வெறும் தாள், இரண்டாவது கையெழுத்தில்தான் காசு.

பிறகு பிலடெல்ஃபியாவிலிருந்து பாஸ்டன் பக்கத்துக் கேம்பிரிட்ஜ் முகாமுக்கு ஏறக்குறைய 300 மைல் மண்பாதை. காவலோடு பெட்டி போய்ச் சேர்ந்து, அங்கே ஜேம்ஸ் வாரன் எண்ணி எடுத்துக்கொள்ள வேண்டும். ஜூலை 27 அன்றுதான் அவரைப் பேமாஸ்டர் ஜெனரலாக நியமித்திருந்தார்கள். அந்தப் பெட்டியிலிருந்து சம்பளம் மட்டுமா போனது? ரொட்டி, விறகு, வண்டி வாடகை எல்லாம் அதே கஜானாதான். கடைக்காரன் தராமல் நிறுத்தினால் படை நாளைக்கே பட்டினி. சிப்பாயை அடுத்த மாதம் வரை இழுத்தடிக்கலாம். எனவே முதலில் தள்ளிப்போடப்படுவது எப்போதும் சம்பளம். செப்டம்பர் 21 கடிதத்தில் அடுத்தாற்போலவே, ரேஷன் குறைப்பால் படையின் பெரும்பகுதி கலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றும் வாஷிங்டன் சொல்கிறார். சம்பளமும் சோறும் ஒரே கடிதத்தில் வருவது தற்செயல் இல்லை.

சில்லறைப் பிரச்சினை தனி ரகம். 1775-ல் ஒரு டாலருக்குக் கீழே நோட்டே கிடையாது. 6 2/3 டாலரை எப்படி எண்ணிக் கொடுப்பது? சார்ஜென்ட் பிரச்சினையில்லை, ஒரே ஒரு 8 டாலர் நோட்டு. மூன்று பிரைவேட்டுக்குச் சேர்த்து ஒரு 20 டாலர் நோட்டு சரியாக வரும், ஆனால் அதை மூன்று பேரும் எங்கே போய் உடைப்பார்கள்? முகாமில் மதுவும் புகையிலையும் விற்கிற சட்லரிடம்தான். சில்லறையோடு அவன் சரக்கும் சேர்ந்துதான் வரும். 1776 பிப்ரவரி 17 வெளியீட்டில்தான் 1/6, 1/3, 1/2, 2/3 டாலர் நோட்டுகள் வந்தன. சூரியக் கடிகாரம் போட்ட நோட்டுகள், படம் பார்த்திருப்பீர்கள். 2/3 டாலர் என்று ஒரு நோட்டு எதற்கு என்று சேகரிப்பாளர்கள் சிரிப்பார்கள். ஆறு டாலரோடு அதை வைத்தால் ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம். அதற்காகவே அடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டுவாடா மேஜையில் உட்கார்ந்தவனுக்கு அது வரப்பிரசாதம்.

அடுத்து கள்ளநோட்டு. நியூயார்க் ஆங்கிலேயர் கையில் இருந்தது, அங்கிருந்து கத்தை கத்தையாக வந்தது. 1777 மே 20, 1778 ஏப்ரல் 11 ஆகிய இரண்டு வெளியீடுகளும் அதிகம் அடிபட்டதால் 1779 ஜனவரி 2-ல் அவற்றை முழுசாகத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார்கள். நோட்டு வாங்கிய சிப்பாய் எந்த முகாமில் எந்தத் தேதிக்குள் அதை மாற்றுவான்? கழிவு பிடித்துக்கொண்டு வாங்க ஆள் வந்துவிடும்.


தாள்பறவை

அருமை. தொண்ணூறு விஷயம் பொருந்துகிறது, ஒரு வரியில் 2 20 இருக்கிறது. 200 தொண்ணூறுகள், 10 நாள். நன்றி.

இன்னொரு குழப்பம். நோட்டின் மதிப்பு விழுந்துகொண்டே போகும்போது, ஆறு மாதம் கழித்துக் கொடுத்த சம்பளத்தை "கொடுத்தாயிற்று" என்று ஏட்டில் எழுதினார்களா? முகமதிப்பு அதேதானே?


பதில் 3: மூன்றாம்படை

எழுதினார்கள். சண்டையே அங்கேதான். காலதாமதம் வேறு, மதிப்பிழப்பு வேறு என்று பிரித்துப் பேசினால் இந்தப் படையின் கணக்கு புரியாது, நண்பரே. இரண்டும் ஒன்றை ஒன்று பெருக்கின.

காங்கிரஸே 1780 ஜூனில் ஏற்றுக்கொண்ட அட்டவணை இருக்கிறது. 1777 செப்டம்பர் 1-ல் நோட்டும் வெள்ளியும் சமம். 1778 மார்ச்சில் 1 3/4 நோட்டுக்கு ஒரு வெள்ளி டாலர், செப்டம்பரில் 4. 1779 மார்ச்சில் 10, செப்டம்பரில் 18. 1780 மார்ச் 18-ல் 40. தெருச்சந்தை இதைவிட வேகமாக இறங்கியது. இது அரசாங்கமே ஒப்புக்கொண்ட அளவு மட்டும்.

இப்போது ஒரு பிரைவேட்டின் 1779 மார்ச் சம்பளத்தை எடுங்கள். அன்றைக்கே கொடுத்திருந்தால் 2/3 வெள்ளி டாலர், பாஸ்டன் கணக்கில் 4 ஷில்லிங். ஏற்கெனவே பத்தில் ஒன்றுதான், போகட்டும். ஒரு வருஷம் கழித்து அதே 6 60/90 நோட்டைக் கொடுத்தால் 1/6 டாலர், ஒரே ஒரு ஷில்லிங். ஏட்டில் இரண்டும் ஒரே தொகை, அடியில் அதே கையெழுத்து, தணிக்கைக்கு ஒரு குறையும் இல்லை. பட்டியலில் ஒரு தேதி பிசகி மூன்று மாதம் நின்றால், அந்தப் பிசகின் விலையைக் கட்டியது அதை எழுதிய ஆள் இல்லை.

சம்பளத்தை ஏற்றலாமே என்றால், அதிகாரிகளுக்கு ஏற்றினார்கள். தொடக்கத்தில் 20 டாலர் வாங்கிய காலாட்படைக் கேப்டனுக்கு 1776 அக்டோபர் தீர்மானத்திலேயே 40 ஆயிற்று. பிரைவேட் அதே 6 2/3-ல் நின்றான். அவனுக்குத் தந்தது வாக்குறுதி: 1780 ஏப்ரல் 10-ல், மதிப்பிழப்பால் வந்த நஷ்டத்தை ஈடுகட்டுவோம் என்று தீர்மானம். ஈடுகட்டும் வேலையை அந்தந்த மாநிலத்தின் தலையில் கட்டினார்கள். ஒவ்வொரு மாநிலமும் தன் லைன் (அந்த மாநிலம் திரட்டித் தந்த படைத்தொகுதி) ரெஜிமென்ட்களுக்குத் தன் வழியில் சான்றிதழ் கொடுத்தது. பென்சில்வேனியா மேற்கே நிலம் ஒதுக்கி, அந்தச் சான்றிதழைக் கொண்டு வாங்கிக்கொள்ளலாம் என்றது. எந்த மாநிலத்தையும் சேராத ரெஜிமென்ட்காரன், ஹேஸன் படையில் இருந்தவன் மாதிரி, யாரிடம் போய் நிற்பான்?

கலகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1780 மே 25, மாரிஸ்டவுன், கனெக்டிகட் ரெஜிமென்ட் இரண்டு ஆயுதத்தோடு வெளியே வந்தன. ஐந்து மாதச் சம்பளம் பாக்கி, இறைச்சியும் இல்லை. அது அமுங்கிவிட்டது. 1781 ஜனவரி 1 பென்சில்வேனியா லைன் அப்படி அமுங்கவில்லை. சில பேருக்குப் பன்னிரண்டு மாதமாக ஒரு காகித டாலர்கூடப் போகவில்லை என்று இரண்டு வாரம் முன்னாலேயே அந்த லைனின் தளபதி ஆன்டனி வெய்ன் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் திரியில் நெருப்பு வைத்தது சேர்ப்புப் பத்திரத்தின் வாசகம்: "மூன்று வருஷம் அல்லது போர் முடியும் வரை". எது முந்துகிறதோ அது என்றான் சிப்பாய். 1777 தொடக்கத்தில் 20 டாலர் ஊக்கத்தொகைக்குச் சேர்ந்தவனுக்கு மூன்று வருஷம் போன வருஷமே முடிந்துவிட்டது. போர் முடிகிற வரை என்றார் அதிகாரி. நடுவில் இருக்கும் அந்த "அல்லது"வுக்கு யாரும் அர்த்தம் எழுதி வைக்கவில்லை.

இனிமேல் வருவதைக் கவனியுங்கள், பட்டியல் சமாச்சாரம் மறுபடி வருகிறது. பென்சில்வேனியாக் கவுன்சில் தலைவர் ஜோசப் ரீட் நேரில் போய்ப் பேசி முடித்த உடன்பாட்டின்படி, ஒவ்வொருவனின் சேர்ப்புப் பத்திரத்தைப் பார்த்து விடுவிப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டும். பத்திரங்கள் கையில் இல்லை. டிரென்டனில் ஜனவரிக் குளிரில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் காத்திருக்கிறார்கள். பத்திரம் கிடைக்காத இடத்தில் சத்தியம் செய்தால் போதும் என்று விட்டார்கள். ஏறக்குறைய 1,300 பேர் விடுதலை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு பத்திரங்கள் வந்து சேர்ந்தன. பார்த்தால், சத்தியம் செய்தவர்களில் பலர் போர் முடியும் வரை என்று தெளிவாக எழுதிக் கொடுத்தவர்கள். ஒரு பெட்டிக் காகிதம் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் பாதி லைன் கலைந்திருக்காது.

நேர்மைக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத் தளபதி கிளின்டன் பாக்கியைத் தீர்க்கிறேன் வாருங்கள் என்று ஆள் அனுப்பினார். கலகக்காரர்கள் அந்த ஆளையும் வழிகாட்டியையும் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள், இருவரும் ஜனவரி 11-ல் தூக்கிலிடப்பட்டார்கள். பாக்கி கேட்பவன் வேறு, கட்சி மாறுபவன் வேறு. அதே மாதம் 20-ம் தேதி நியூ ஜெர்சி லைன் கிளம்பியபோது வாஷிங்டன் பேச்சுக்கே போகவில்லை. தளபதி ராபர்ட் ஹோவை அனுப்பிச் சுற்றி வளைத்து, தலைவர்கள் இரண்டு பேரைச் சுட வைத்தார். அதே நேரத்தில் பீரங்கிப்படைத் தளபதி ஹென்றி நாக்ஸை நியூ இங்கிலாந்து மாநிலங்களுக்கு அனுப்பி, மூன்று மாதச் சம்பளமாவது கொடுங்கள் என்று கேட்கச் சொன்னதும் அவர்தான்.


பழையகணக்கு

ஒரு சின்ன ஒட்டு. இந்த மாதத்திலேயே பேமாஸ்டர் ஜெனரல் ஆபீஸும் கைமாறுகிறது. 1776 முதல் இருந்த வில்லியம் பால்ஃப்ரியைப் பிரான்ஸுக்குக் கான்சலாக அனுப்பினார்கள். 1780 டிசம்பரில் ஏறிய கப்பல் போன இடம் தெரியவில்லை. ஐந்து வருஷக் கணக்கை அறிந்த ஆள் கடலோடு போய்விட்டார். அவர் நாற்காலிக்கு 1781 ஜனவரியில் வந்த ஜான் பியர்ஸ்தான் கடைசிவரை இந்தக் கணக்கை இழுத்து முடித்தவர். புரட்சியின் வீரர்கள் பட்டியலில் அவர் பெயரை யாரும் போடுவதில்லை. என்னைக் கேட்டால் போட வேண்டும்.


பதில் 4: நாணயப்பெட்டி

கடைசிக் கேள்விக்கு வருகிறேன், பாக்கி தீர்ந்ததா?

1781-ல் நிதிப் பொறுப்புக்கு வந்த ராபர்ட் மாரிஸ் எடுத்த நிலைப்பாடு கடுமையானது: பழைய பாக்கியைத் தொடமாட்டேன், சோற்றுக்கும் துணிக்கும் முதலில். விதிவிலக்கு ஒன்று நடந்தது. யார்க்டவுன் நோக்கித் தெற்கே நடக்கும்போது வடக்கத்திச் சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள். ஒரு மாதச் சம்பளத்தை வெள்ளியாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆகஸ்ட் 27-ல் வாஷிங்டன் மாரிஸுக்கு எழுதினார். மாரிஸிடம் வெள்ளி இல்லை. ரோஷாம்போவின் பிரெஞ்சுப் படைக் கஜானாவிலிருந்து 20,000 டாலர் கடன் வாங்கி, செப்டம்பர் 8-ஐ ஒட்டி ஹெட் ஆஃப் எல்க் என்ற இடத்தில் பட்டுவாடா நடந்தது. பீப்பாயின் மூடியை உடைத்து நாணயங்களைத் தரையில் உருள விட்டுச் சிப்பாய்கள் கண்ணில் படும்படி செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது. காகிதத்தைக் கண்டு சலித்தவனுக்குச் சத்தம் கேட்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

கேலி என்னவென்றால், பிரெஞ்சு அரசு தந்த 25 லட்சம் லிவ்ர் வெள்ளியோடு, அங்கே தூது போயிருந்த ஜான் லாரன்ஸின் கப்பல் ஆகஸ்ட் 25-லேயே பாஸ்டனில் வந்து நின்றுவிட்டது. அதைப் பெட்டி கட்டி, எதிரியின் நியூயார்க்கைச் சுற்றிக்கொண்டு, மாட்டு வண்டியில் பிலடெல்ஃபியா கொண்டுவர நவம்பர் ஆகிவிட்டது. யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தது அக்டோபர் 19.

1783 ஜனவரியில் மாரிஸ் ஒரு மாதச் சம்பளத்துக்கு வழி கண்டார். சிப்பாய்க்கு மொத்தமாகக் கொடுக்கவில்லை. வாரம் அரை டாலராகத் தவணையில். அதிகாரிகளுக்கு 60 நாள் கழித்து மாற்றிக்கொள்ளும் நோட்டு. அரை டாலர் தவணை அவமானம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அந்தப் போரிலேயே புத்திசாலித்தனமான பட்டுவாடாவாகத் தெரிகிறது: கஜானாவுக்கு ஒரே நாளில் அடி விழாது, சிப்பாய் கையில் வாராவாரம் உண்மையான காசு இருக்கும், சட்லர் ஒரே ராத்திரியில் சுருட்ட முடியாது.

மார்ச்சில் நியூபர்க் முகாமில் அதிகாரிகள் பாக்கிக்காகக் கொதித்ததும், 15-ம் தேதி வாஷிங்டன் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடிதம் படித்து அவர்களை அடக்கியதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. காசு விஷயத்தில் அதன் பலன்: அதிகாரிகளுக்கு ஆயுள் முழுக்க அரைச் சம்பளம் என்ற 1780 வாக்குறுதியை, மார்ச் 22-ல் ஐந்து வருஷ முழுச் சம்பளமாக மாற்றினார்கள், 6 சதவீத வட்டிப் பத்திரத்தில். சிப்பாய்க்கு இதில் பங்கில்லை. 1778-ல் அவனுக்குச் சொன்னது போர் முடிவில் 80 டாலர்.

மே 26-ல் சிப்பாய்களை விடுப்பில் வீட்டுக்கு அனுப்பத் தீர்மானம். கையில் மூன்று மாதச் சம்பளத்துக்கு மாரிஸ் நோட்டு கொடுப்பதாகப் பேச்சு, மொத்தம் ஏறக்குறைய 7,50,000 டாலர், ஆறு மாதம் கழித்துப் பணம். அரசை நம்பி யாரும் வாங்க மாட்டார்கள், மாரிஸின் சொந்தப் பெயருக்கு வாங்குவார்கள். ஆகவே ஒவ்வொரு நோட்டிலும் அவரே கையெழுத்திட வேண்டும். 1775-ல் 28 பேர் திணறிய இடத்தில் இப்போது ஒரே ஆள். நோட்டு முகாமுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏராளமானோர் வெறுங்கையோடு நடந்துவிட்டார்கள். ஜூன் 21-ல் பிலடெல்ஃபியாவில் சிப்பாய்கள் பல நூறு பேர் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்குப் போய்விட்டது.

பழைய பாக்கிக்கு என்று தனியாக, ஜூலை 4 முதல் ஜான் பியர்ஸ் ஒவ்வொரு சிப்பாயின் கணக்கையும் திறந்து பார்த்துச் சான்றிதழ் எழுதத் தொடங்கினார். வந்த மாதங்கள், வாங்கிய தொகை, துணிப் பிடித்தம், மிச்சம் எவ்வளவோ அதற்கு 6 சதவீத வட்டி. ஏறக்குறைய 93,000 சான்றிதழ், 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல். கணக்கு என்ற அளவில் பிரமாதமான வேலை. ஆனால் வட்டிக்கே வழியில்லாத அரசின் கடன்பத்திரம் சந்தையில் பவுண்டுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ், எட்டில் ஒரு பங்குக்குக் கைமாறியது. விதை வாங்கவும் வரி கட்டவும் காசு தேவைப்பட்டவன் விற்றான்.

1790-ல் புதிய அரசின் நிதிச் செயலர் ஹாமில்டன் திட்டப்படி முழு முகமதிப்புக்கும் புதுப் பத்திரம் தரும்போது, அது யார் கையில் இருக்கிறதோ அவருக்கே. முதலில் வாங்கிய சிப்பாய்க்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று காங்கிரஸ் உறுப்பினர் மேடிசன் பிப்ரவரியில் கொண்டுவந்த தீர்மானம் 36-க்கு 13 என்று தோற்றது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, யார் முதலில் வாங்கினார்கள் என்று 93,000 தாளுக்கும் தேடுவது நடக்கிற காரியமில்லை என்பது. பியர்ஸின் ஏடுகள் இருந்தன. ஆகவே அந்த வாதம் எனக்கு அவ்வளவாக ஏறவில்லை, மற்ற காரணங்களைப் பற்றித் தனி இழையே போடலாம்.


தாள்பறவை

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: என் படத்தில் வலது ஓரப் பத்தியில் பல பெயருக்கு எதிரே வெறும் பெருக்கல் குறி, சில இடத்தில் வேறு யாரோ ஒருவரின் பெயர் திரும்பத் திரும்ப. இது என்ன?


பழையகணக்கு

பெருக்கல் குறி கையெழுத்துப் போடத் தெரியாதவனின் குறி. அதை ஒட்டி இன்னொருவர் சாட்சிக் கையெழுத்து இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர், அந்த ஆட்களுக்குப் பதிலாகப் பணத்தை வாங்கிக்கொண்டவர். அவர் கேப்டனோ சார்ஜென்ட்டோ என்றால் அந்த ஆட்கள் மருத்துவமனையிலோ வேறு பணியிலோ இருந்திருக்கலாம். அதே மாதத்து மஸ்டர் ரோல் கிடைத்தால் கடைசிப் பத்தியோடு ஒப்பிடுங்கள். கம்பெனியில் இல்லாத பெயர் என்றால், சம்பளம் வருவதற்கு முன்பே அதை எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள். எத்தனை பேருக்கு என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.